கமலவேணி வீட்டுச் சமையலறைத் தரை

கமலவேணிக்குத் தரை மீது ஆசை வந்தது பத்து பெரண்டாம் என்ற ஊரின் தொழிற்சாலையில். எட்டு மணி நேரம் நின்றபடி மின்னணுப் பலகைகளைச் சோதிப்பது அவளுடைய வேலை. 1996 நோன்புப் பெருநாள் விடுமுறையில் அங்கே தரைக்கு எபாக்சிப் பிசின் பூசினார்கள். திரும்பி வந்தபோது பச்சை நிறத்தில், ஒரு கீறல் இல்லாமல், விளக்கு வெளிச்சம் அப்படியே தெரியும் தரையாக அது மாறியிருந்தது.

புக்கிட் ரம்பாயில் அவள் குடியிருந்த வரிசை வீட்டுக்கு ஆறு வயதுதான். அதற்குள் சிமெண்டு பொடிப் பொடியாக உதிர ஆரம்பித்திருந்தது. எவ்வளவு பெருக்கினாலும் மாலைக்குள் காலில் மண் நறநறக்கும். மகள் தாரணிக்கு இளைப்பு. சமையலறையில் வைத்த அரிசி மூட்டை அடியில் பூத்துப்போகும். கொஞ்ச நாளாகப் பின்கதவும் சரியாகச் சாத்தவில்லை. மழைக்கு மரம் ஊதியிருக்கிறது என்று அவள் கணவன் சேகரன் இரண்டு முறை இழைத்துவிட்டான். அவன் தொழிற்சாலை பஸ் ஓட்டுபவன். கையில் கிடைத்ததை வைத்து எதையும் சரி செய்துவிடுவான்.

தொழிற்சாலைத் தரையைப் பூசியவர்களில் ஒருவன் கணேசமூர்த்தி. கமலவேணி கேட்டதும் ஒரு சனிக்கிழமை மாதிரிப் பலகைகளோடு வந்தான்.

"எபாக்சின்னா மேல ஒரு தோல் மாதிரி மூடிரும்க்கா. தூசி வராது. இல்லன்னா இருக்கிற சிமெண்டையே மெஷின்ல தேய்ச்சுப் பளபளன்னு ஆக்கலாம். ஆனா எதுக்கும் முன்னால அடியில ஈரம் இருக்கான்னு பாக்கணும்."

கூடத்தில், அறையில், சமையலறையில் என மூன்று இடத்தில் பிளாஸ்டிக் துண்டுகளை விரித்து நாலு பக்கமும் டேப் ஒட்டிவிட்டுப் போனான்.

மறுநாள் அவன் வந்து பார்த்தபோது கூடத்தில் பிளாஸ்டிக் உலர்ந்திருந்தது. அறையில் லேசாகப் பனி பிடித்திருந்தது. சமையலறையில் துண்டைத் தூக்கியதும் அடியிலிருந்து தண்ணீர் வழிந்தது. சாக்கடை வாடை அடித்தது. கணேசமூர்த்தி சுத்தியலை எடுத்துத் தரையைத் தட்டிக்கொண்டே போனான். கூடத்தில் கெட்டியாகக் கேட்ட சத்தம் சமையலறை நடுவில் மாறியது. உள்ளே ஒன்றுமில்லாத பெட்டியைத் தட்டுவது போல் கேட்டது. சத்தம் மாறிய இடமெல்லாம் சாக்பீஸால் கோடு போட்டான். கோடு அடுப்பைச் சுற்றிப் போய், பக்கத்து வீட்டுச் சுவரில் முட்டி நின்றது.

"பழைய சிமெண்டு அப்படித்தான்லா சத்தம் போடும். பூசிட்டா அடங்கிரும்" என்றான் சேகரன்.

"அண்ணே, நான் இதுமேல பூச மாட்டேன்" என்றான் கணேசமூர்த்தி.

கமலவேணி கோட்டுக்கு வெளியே நின்றுகொண்டிருந்தாள். ஆறு வருஷமாக அந்த இடத்தில் நின்றுதான் சமைத்திருந்தாள். "ஓட்டை போட்டுப் பாருங்க தம்பி" என்றாள்.

துளைக்கும் கருவி மூன்று அங்குலம் இறங்கியதும் பிடிமானம் இல்லாமல் திடீரென உள்ளே போனது. துளையில் ஒரு கம்பியை விட்டார்கள். நாலு அடி போயும் தரை தட்டவில்லை. கீழே எங்கோ தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. கழிவுநீர்க் குழாய் உடைந்து, வருஷக்கணக்காக மண்ணைப் பின்னாலிருந்த லோங்காங் சாக்கடைக்கு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது. மெலிந்த சிமெண்டுப் பலகை ஒன்றுதான் அவர்களைத் தாங்கியிருந்தது.

சேகரன் கேஸ் சிலிண்டரைக் கோட்டின் ஓரமாகவே உருட்டி வெளியே கொண்டுபோனான்.

கமலவேணி பக்கத்து வீட்டுக்கு ஓடினாள். அங்கே பவானேஸ்வரி தனியாக இருந்தாள். ரவிக்கை தைத்துப் பிழைப்பவள். வெளிச்சம் நன்றாக வருகிறதென்று தையல் மெஷினைச் சமையலறையில் போட்டிருந்தாள்.

"அக்கா, தரை போட வந்த தம்பி இங்கயும் ஒரு தடவ தட்டிப் பாக்கட்டும். அடியில மண்ணே இல்லக்கா."

"என் வீட்டுக்குக் குறி சொல்ல வந்தியா? கல்யாணத் துணி பதினெட்டு கெடக்கு. புதன்கிழமை குடுக்கணும். அப்புறம் வா."

"மெஷினையாச்சும் முன்னால போட்டுக்குங்கக்கா."

"சரி சரி, பாக்குறேன்" என்றாள் பவானேஸ்வரி, ஊசியிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அன்று கமலவேணிக்கு மாலை ஷிப்ட். பஸ் சந்தியில் ஹார்ன் அடித்தது. இன்னொரு முறை சொல்ல நினைத்தவள் பஸ்ஸுக்கு ஓடிவிட்டாள்.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் மழை பிடித்தது. நாலு மணிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின் ஓடுவது, விடுப்பில் கூடத்தில் இருந்த கமலவேணிக்குக் கேட்டது. பிறகு நின்றது. அடுத்த நொடி வீடே ஒரு முறை குலுங்கியது.

சேகரன் கதவை உடைத்துக்கொண்டு போனபோது சமையலறை நடுவில் தரை இல்லை. பவானேஸ்வரி சேற்றுத் தண்ணீரில் மார்பளவு கிடந்தாள். மெஷினின் இரும்புக் கால் அவள் இடுப்பை அழுத்தியிருந்தது. ஏணியைக் குறுக்கே போட்டு, அதன்மேல் படுத்து, அவனும் கமலவேணியுமாக அவளை இழுத்தெடுத்தார்கள். அவள் கத்தவில்லை. "துணி, துணி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அதிகாரிகள் வந்து ஆள் இருக்கக் கூடாதென்று ஆறு வீட்டுக் கதவுகளில் சிவப்புப் பெயிண்டால் குறி போட்டார்கள். வீடு கட்டிய கம்பெனியின் ஆபீஸ் பூட்டிக் கிடந்தது. தரையைத் தட்டிப் பார்த்த கதையைக் கேட்டுச் சிரித்த அக்கம்பக்கத்தாரெல்லாம் கணேசமூர்த்தியைத் தங்கள் வீட்டுக்குக் கூப்பிட்டார்கள். நாலு வீட்டில் சத்தம் மாறியது.

கமலவேணி குடும்பம் ஐந்து மாதம் செங் என்ற ஊரில் வாடகைக்கு இருந்தது. சமையலறையை முழுதாக உடைத்து, கல் நிரப்பி, புதுக்குழாய் போட்டு, கம்பி கட்டித் தரை போட்டார்கள். நன்றாகக் காயட்டும் என்று இன்னும் ஒரு மாதம் விட்டார்கள். பிறகு கணேசமூர்த்தி எந்தப் பச்சை வேண்டும் என்று கேட்டான்.

"மூடுற எதுவும் வேணாம் தம்பி. சும்மா தேய்ச்சு விடுங்க. கீழேருந்து ஈரம் வந்தா என் கண்ணுக்குத் தெரியணும்."

சாம்பல் நிறத்தில் வழுவழுவென்று தரை வந்தது. தூசி நின்றது. தாரணியின் இளைப்பும் குறைந்தது. ஆனால் கமலவேணி அதன் நடுவில் நிற்பதில்லை. சுவர் ஓரமாகவே நடந்து பழகிவிட்டாள்.

தீபாவளிக்கு முன்னால், அண்ணன் வீட்டில் கிடந்த பவானேஸ்வரியைப் பார்க்கப் போனாள். இடுப்பெலும்பு கூடவில்லை. இனி நடப்பது கஷ்டம் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். காபி வந்தது. இருவரும் குடித்து முடித்தார்கள்.

"நீ சொல்லத்தான் சொன்ன. நான்தான் கேக்கல" என்றாள் பவானேஸ்வரி கடைசியில். "ஆனா, கையப் புடிச்சி வெளிய இழுத்திருக்கலாமே, கமலா?"

கமலவேணி ஐந்தரை மணி பஸ்ஸையும் விட்டுவிட்டு, இருட்டும்வரை அந்தக் கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்திருந்தாள்.