பாசி அலைக்கு நான் போட்ட கணக்கு

நான் கணிதம் படிப்பிப்பவன். ஒரு காலை திருகோணமலைத் துறைமுகத்தில் பச்சைப் பாசி படர்ந்தது. அது பெருகுவதையும் பரவுவதையும் நீரோட்டம் இழுப்பதையும் சமன்பாட்டில் போட்டேன். வடிவம் மாறாத அலையாக மதியம் கரைக்கு வரும் என்று விடை வந்தது. அண்ணன் முறையில் ‘நானா’ என்று நான் அழைக்கும் கிண்ணியா மீனவர் கரையோரம் வலை போட்டிருந்தார். அவரிடம் சோடி மாறிய செருப்போடு ஓடினேன்.

“நானா, வலையை எடுங்கோ. பாசி வந்தால் நாசமாகிவிடும்” என்று அலையை மணலில் கீறிக் காட்டினேன்.

அவர் என்னை நம்பி, அன்றைய மீனை விட்டு வலையை இழுத்தார்.

பாசியோ கடலுக்குள் போனது. நீரோட்டத்துக்குக் கழித்தல் குறி போட மறந்திருக்கிறேன். மணலில் கீறியதைக் காலால் அழிக்கப் போனேன்; அவர் மறித்தார்.

“திசைதான் பிழைச்சிட்டு, சேர். வடிவம் நீங்க கீறினபடியேதான் போகுது, பாருங்க.”

பச்சை விளிம்பு கலையாமல், கனவுபோல விலகியது. இருபது வருடம் கரும்பலகையில் கீறிய அலையை அன்றுதான் கண்டேன். காட்டியவர் என்னால் மீனை இழந்தவர்.