கோர்ட்டார் கொடுத்த ஒரு மணி நேரம்

என் மனைவியைப் பார்த்துப் பேசுவதற்காக அவளை விவாகரத்துச் செய்யும்படி வழக்குப் போட்டவன் நான். இதைச் சொன்னால், எங்கே, இன்னொரு தடவை சொல்லுங்கள் என்பார்கள். எத்தனை தடவை சொன்னாலும் இதுவேதான் நடந்தது.

வழக்கு நடந்தது ஆயிரத்துத் தொள்ளாயிரத்து இருபதுகளின் கடைசியில், திருச்சிராப்பள்ளி ஜில்லா கோர்ட்டில். அப்போது நான் புது வக்கீல், புதுக் கிறிஸ்தவனும்கூட. ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் பிறந்து, பட்டணத்துக்குச் சட்டம் படிக்கப் போன இடத்தில் கிறிஸ்தவனானேன். எப்படி ஆனாய் என்று இன்றுவரை கேட்கிறார்கள். எங்களுக்குக் குற்றச் சட்டம் நடத்திய ஆசிரியர், ஒருவன் மனதில் நினைத்தது மட்டும் குற்றமாகாது, கையும் செய்திருக்க வேண்டும் என்றார். அதே வாரம் ஹாஸ்டலில் ஒரு சிநேகிதன் படிக்கக் கொடுத்த சுவிசேஷத்தில், நினைத்தவனும் குற்றவாளிதான் என்று இருந்தது. அந்தக் கணக்குப்படி பார்த்தால் தப்புகிறவன் ஒருவனும் இல்லை. மன்னிக்க ஒருவர் இருக்கிறார் என்றும் அதே புஸ்தகம் சொன்னது. நான் அதில் வசமாக அகப்பட்டுக்கொண்டேன். இதற்கு மேல் வாதம் செய்ய எனக்கு வராது. சொந்தக் கேஸில் நான் எப்போதுமே மோசமான வக்கீல்.

செய்தி எட்டியதும் என் தகப்பனார் காவிரியில் தலை முழுகினார். பேச்சுக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே அம்மா மண்டபம் படித்துறையில் இறங்கி முழுகினார். செத்தவனுக்குச் செய்வதையெல்லாம் எனக்குச் செய்து, குடத்தையும் உடைத்து, பிள்ளை போய்விட்டான் என்று முடித்துவிட்டார். அவருக்கு அவருடைய சாஸ்திரம். எனக்கு அதில் கோபம், இன்னும் அது முழுக்க ஆறவில்லை.

மனைவியை அவளுடைய தகப்பனார் வந்து அழைத்துக்கொண்டு போய்விட்டார். சாஸ்திரம் நன்றாகத் தெரிந்தவர் அவர். பக்கத்து வீதியில்தான் வீடு. நானும் அவளும் சேர்ந்து இருந்தது என் விடுமுறைக் காலங்களில் மட்டும். பரீட்சைக்கு நான் சட்டப் பிரிவுகளை உருப்போடும்போது புஸ்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பாள். அவளுக்கு இங்கிலீஷில் ஓர் எழுத்துத் தெரியாது. ஆனாலும் நான் ஒரு வார்த்தையை விழுங்கினால் கண்டுபிடித்துவிடுவாள். பிறந்ததிலிருந்து தகப்பனார் பாசுரம் சேவிப்பதைக் கேட்ட காது. ஓட்டம் எங்கே தட்டுகிறது என்று அதற்குத் தெரியும். "நடுவுல எதையோ விட்டுட்டேள்" என்பாள். புஸ்தகத்தைப் பார்த்தால் விட்டுத்தான் இருப்பேன். அவளால்தான் பரீட்சையில் தேறினேன் என்று பின்னால் பலரிடம் சொல்லியிருக்கிறேன்.

படிப்பு முடிந்து திருச்சிக்கு வந்து, மேலப்புதூரில் வாடகைக்கு வீடு எடுத்தேன். அவளுக்கு எழுதிய கடிதங்கள் பிரிக்காமலே திரும்பி வந்தன. நேரில் போனேன். மாமனார் வாசலில் நின்றபடி, "இங்கே செத்துப்போனவா வந்தா நாங்க பேசறதில்லே" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினார். உள்ளே அவள் இருந்தாளா, கேட்டாளா என்று தெரியவில்லை. வெயிலில் காவிரிப் பாலத்தைத் தாண்டி நடந்தே திரும்பினேன்.

சேர்ந்து வாழும்படி உத்தரவு வாங்கலாம், அதற்குத் தனி வழக்கு உண்டு என்றார்கள் பார் ரூமில். கோர்ட்டுச் சீட்டைக் காட்டி ஒரு பெண்ணை இழுத்து வந்து குடித்தனம் நடத்துவதை நான் எந்த முகத்தோடு ஆண்டவரிடம் சொல்லுவேன்? அந்த மாதிரி வழக்கை எனக்காகவும் போடவில்லை, பிறகு எந்தக் கட்சிக்காரனுக்காகவும் போடவில்லை. அதில் எனக்குப் போன வருமானம் கொஞ்சமில்லை.

அப்போதுதான் அந்தச் சட்டம் கண்ணில் பட்டது. கிறிஸ்தவனாகிவிட்டவனோடு வாழ மாட்டேன் என்று மனைவி விலகிக்கொண்டால், விவாகத்தை ரத்து செய்யலாம் என்று வெள்ளைக்காரர்கள் பழைய காலத்திலேயே போட்டு வைத்த சட்டம். யாரும் அதிகம் புரட்டாதது. அதன் நடுவில் ஒரு ஏற்பாடு இருந்தது. மனைவி வர மாட்டேன் என்று ஜட்ஜிடம் சொன்னாலும் உடனே ரத்து செய்யக் கூடாது. வழக்கை ஒரு வருஷம் தள்ளிவைக்க வேண்டும். அதற்குள் புருஷனும் மனைவியும் நேரில் சந்தித்துப் பேச ஜட்ஜ் உத்தரவு போட வேண்டும். அவள் பக்கத்துச் சொந்தக்காரப் பெண் ஒருத்தி கூட இருக்கலாம். இந்த ராஜ்யத்துச் சட்டங்களில், கட்டிய மனைவியோடு உட்கார்ந்து பேச எனக்கு வழி செய்தது அது ஒன்றுதான். அவளை விட்டுவிடுகிறேன் என்று கேட்டால்தான் அவளைப் பார்க்கலாம்.

நான் ஜூனியராக இருந்த பெரிய வக்கீல் திருநெல்வேலிக் கிறிஸ்தவர், மூன்று தலைமுறையாகச் சபையில் ஊறியவர். மனுவைப் படித்தார். இதில் எழுதியிருக்கிற சங்கதிகளெல்லாம் உண்மை, கடைசியில் கேட்டிருக்கிற பரிகாரம் உனக்கு வேண்டுமா என்றார். வேண்டாம் என்றேன். வேண்டாததை வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போடுவது ஆண்டவர் முன் பொய், கோர்ட்டு முன்பும் பொய், நான் கையெழுத்துப் போட மாட்டேன் என்று மனுவைத் திருப்பித் தந்துவிட்டார். அவர் சொன்னது நியாயம். ஆனாலும் என் மனது கேட்கவில்லை. நானே கையெழுத்துப் போட்டுத் தாக்கல் செய்தேன்.

எங்கள் சபையில் போதகரை ஐயர் என்று சொல்லுவார்கள். ஸ்ரீரங்கத்து அய்யங்கார் கடைசியில் ஓர் ஐயரிடம் சரணாகதி செய்துவிட்டார் என்று பார் ரூமில் என்னைக் கேலி செய்வார்கள். அந்த ஐயருக்கு என் மனுவில் பரம திருப்தி. அவிசுவாசியான மனைவி விலகிப் போனால் சகோதரன் கட்டுப்பட்டவனல்ல என்பதற்கு வேதத்தில் இடம் இருக்கிறது, சட்டமும் இடம் கொடுக்கிறது, இன்னும் என்ன யோசனை என்றார். மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்த ஓர் ஆசிரியையை எனக்காக மனதில் வைத்திருந்தார்.

அவளை ஜட்ஜ் தன் அறையில் வைத்து விசாரித்தார். வாழப் போக மாட்டேன் என்று அவள் சொன்னதாகக் குறிப்பு எழுதி, வழக்கை ஒரு வருஷத்துக்கு ஒத்திவைத்து, ஒரு மணி நேரம் சந்தித்துப் பேச உத்தரவு போட்டார். இடம் திருவானைக்காவல், இரண்டு கட்சிக்கும் பொதுவான ஒரு பென்ஷன் டாக்டர் வீடு. ஸ்ரீரங்கத்துக்கும் திருச்சிக்கும் நடுவில் இருப்பதால் அதைப் பொறுக்கியிருப்பார்கள்.

நான் போனபோது அவள் கூடத்தில் பாயில் உட்கார்ந்திருந்தாள். மூலையில் அவளுடைய அத்தை. சின்ன வயதிலேயே புருஷனை இழந்து, அண்ணன் வீட்டில் காலம் தள்ளுகிறவள். எங்கள் தென்கலை அய்யங்கார்களில் விதவைக்குத் தலையை மழிப்பதில்லை. அந்தக் கருணை ஒன்று உண்டு. மற்றதெல்லாம் உண்டு.

அவள் இளைத்திருந்தாள். நெற்றியில் குங்குமம், தலையில் பூ. எழுதி வைத்து உருப்போட்டுக்கொண்டு போன பேச்சை ஆரம்பித்தேன். என்னோடு வா, உன்னை மதம் மாறச் சொல்ல மாட்டேன், உனக்குத் தனிச் சமையல், தனிப் பூஜை, வேண்டும் நாளெல்லாம் கோயிலுக்கு வண்டி வைத்து அனுப்புகிறேன் என்றேன். விவாகத்தை ரத்து செய்ய எனக்கு ஆசையில்லை, பார்க்க வேறு வழி தெரியாமல்தான் மனுப் போட்டேன் என்றும் சொல்லிவிட்டேன்.

"ஒரு மனுஷியைப் பாக்கறதுக்கு இப்படியா வழி?" என்றாள். லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பிறகு சொன்னாள்: "உங்க சுவாமியை நீங்க விட மாட்டேள். அது எனக்குத் தெரியும். நான் மட்டும் பெருமாளை விட்டுட்டு எப்படி வருவேன்?"

விட வேண்டாம் என்றேன். நான் புழங்குகிற வீட்டில் தீட்டோடு அவள் சமைத்ததைப் பெருமாளுக்கு அமுது செய்விக்க முடியாது, அதற்குப் பேர் விடுவதுதான் என்றாள்.

இந்தக் கேஸ் முடிந்த பிறகு தன் நிலை என்ன என்று கேட்டாள். நான் சட்டத்தைச் சொன்னேன். அவளுக்கு முழு விடுதலை, வேண்டுமானால் மறுபடியும் விவாகம் செய்துகொள்ளலாம், யாரும் தடுக்க முடியாது என்றேன். நான் இங்கிலீஷில் உருப்போட்டபோது கேட்ட மாதிரியே பொறுமையாகக் கேட்டாள். பிறகு தன் வீட்டில் நடந்ததைச் சொன்னாள். எனக்குக் குடம் உடைத்த அன்றே, இவள் இனிமேல் சுமங்கலியா அல்லவா என்று பெரியவர்களுக்குள் விவாதம் வந்திருக்கிறது. சரீரம் உயிரோடு இருக்கிறவரை திருமாங்கல்யம் இருக்கலாம் என்று அவள் தகப்பனார் தீர்த்துச் சொல்லியிருக்கிறார். கோர்ட்டிலிருந்து சம்மன் வந்த பிறகு, சர்க்காரே விவாகத்தை அறுத்துவிட்டால் அப்புறம் கழுத்தில் அது எதற்கு என்றும் அவரே சொல்லியிருக்கிறார். தங்கைக்கு அடுத்த வருஷம் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. தீர்ப்பு அதற்கு முன்னால் வந்தால் தன்னைப் பின்கட்டில் இருக்கச் சொல்லிவிடுவார்கள் என்றாள்.

எனக்குப் புரிந்தும் புரியாமலும், விடுதலை என்றால் அது அர்த்தமில்லை என்று மறுபடி ஆரம்பித்தேன்.

"அத்தையைப் பாருங்கோ" என்றாள்.

பார்த்தேன். அத்தை சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கள் பேச்சு ஒன்று விடாமல் அவள் காதில் விழுந்திருக்கும். தன்னைச் சுட்டிக்காட்டியதற்குக்கூட அந்த முகத்தில் வருத்தம் இல்லை, பழகிப்போயிருந்தது.

"நீங்க எங்கே வேணா இருங்கோ. எந்த சுவாமியை வேணா சேவியுங்கோ. எனக்கு ஆம்படையான் இருக்கார்னு இருந்தா போறும். அதை மட்டும் கோர்ட்டுல அறுத்துடாதீங்கோ."

சரி என்றேன். அதற்குப் பிறகு பேச எங்களுக்கு ஒன்றும் இருக்கவில்லை. ஆனால் கோர்ட்டார் கொடுத்த ஒரு மணி நேரம் முடியவில்லை. இரண்டு பேரும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தோம். சாப்பாட்டுக்கு என்ன செய்கிறீர்கள் என்று கேட்டாள். நானே பொங்கிக்கொள்கிறேன் என்றேன். அதற்கு மட்டும் அவள் கண்ணில் நீர் வந்தது. "நாழியாயிடுத்து" என்று அத்தை எழுந்தாள்.

வருஷம் முடிந்து வழக்கு வந்தபோது மனுவை வற்புறுத்தவில்லை, தள்ளிவிடலாம் என்றேன். கோர்ட்டார் நேரத்தை வீணடித்ததற்கு ஜட்ஜ் கடுமையாகப் பேசினார். வாங்கிக்கட்டிக்கொண்டேன். ஐயர் சில மாதம் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அந்த ஆசிரியையை நாகர்கோவில் பக்கம் கட்டிக்கொடுத்தார்கள். எனக்காகக் காத்திருக்க வேண்டும் என்று அவளுக்கு என்ன தலையெழுத்து? சபையில் சில பெரியவர்கள், இவனுக்கு ஒரு கால் இன்னும் அக்கரையில்தான் இருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். உண்மையைத்தான் பேசினார்கள். கிறிஸ்தவனுக்கு உயிரோடு மனைவி இருக்கும்போது வேறு மனைவி கிடையாது. அதனால் எனக்கு மனைவி உண்டு, குடித்தனம் இல்லை. வேதமும் சட்டமும் ஒரே கதவைத் திறந்துவிட்டன, நான்தான் போகவில்லை.

பிறகு அவளை நான் பார்க்கவே இல்லை. என் குமாஸ்தா ஸ்ரீரங்கத்திலிருந்து வருகிறவர். நான் கேட்காமலே திங்கட்கிழமைகளில், அங்கே எல்லாரும் சௌக்கியம் என்பார். அதற்கு மேல் அவரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. அப்படியே வருஷங்கள் போய்விட்டன.

போன கோடையில் கோர்ட்டு வராந்தாவில் மார்பைப் பிடித்துக்கொண்டு விழுந்தேன். இருதயம் பலவீனமாகிவிட்டது, எப்போது வேண்டுமானாலும் நிற்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய ஐயர் காலமாகிவிட்டார். இப்போது இருக்கிறவர் சின்ன வயது, நல்ல மனிதர். ஒரு நாள் மத்தியானம் வந்து கட்டிலருகே உட்கார்ந்தார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒரு விசுவாசி சாவுக்கு இப்படிப் பயப்படலாமா என்று மெதுவாகக் கேட்டார்.

எனக்காகப் பயமில்லை என்று அவருக்கு எல்லாவற்றையும் சொன்னேன். மேலப்புதூரில் நான் செத்தால் சாயங்காலத்துக்குள் செய்தி பாலம் தாண்டிவிடும். குமாஸ்தாவின் வாயைக் கட்டலாம், ஊர் வாயைக் கட்ட முடியுமா? அன்றைக்கே அவள் நெற்றியை அழித்து மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அவள் தகப்பனார் போய்விட்டார், இப்போது அவள் தம்பி வீடு. அத்தை உட்கார்ந்திருந்த இடம் காலியாகத்தான் இருக்கும். சுமங்கலியாகப் போக வேண்டும் என்று அவள் தினம் பெருமாளிடம் கேட்டுக்கொண்டிருப்பாள். நானும் என் ஆண்டவரிடம் அதையேதான் கேட்கிறேன். அவளுக்குப் பிறகு ஒரு நாள் இருந்தால் போதும் என்கிறேன்.

"நான் என்னன்னு ஜெபிக்கணும், சொல்லுங்க" என்றார் ஐயர்.

"அவளை முதல்ல எடுத்துக்கணும்னு ஜெபிங்க."

ஒரு பெண் சாக வேண்டும் என்று அவர் எப்படி ஜெபிப்பார்? கண்ணை மூடி, எங்கள் இருவர் ஜீவனும் தேவன் கையில் இருக்கிறது, அவர் சித்தப்படியே ஆகட்டும் என்று ஜெபித்து முடித்து, ஆமென் என்றார். நான் சொல்லவில்லை.