கடற்கரைக்குக் கொண்டுபோன காந்தமானி

யுத்தம் முடிந்தபின் சாகாமத்துக்கு அப்பால் காட்டில் இரும்புத் தாது தேடும் வேலை எனக்குக் கிடைத்தது. காந்தமானியைத் தோளில் மாட்டிக்கொண்டு நேர்கோட்டில் நடக்க வேண்டும். மண்ணுக்கடியில் தாது இருந்தால் எண்கள் ஏறி இறங்கும். நடப்பவர் உடம்பில் இரும்பு இருந்தால் அத்தனையும் பொய். பெல்ட், மணிக்கூடு, சாவி எல்லாம் கழற்றி வைத்துவிட்டுத்தான் தொடங்குவோம்.

இதையெல்லாம் வீட்டில் பீற்றிக்கொண்டது வினையாகப் போயிற்று. கேட்டுக்கொண்டே இருந்த உம்மா ஒருநாள் சொன்னார்: "அப்ப காக்காட லேண்ட்மாஸ்டரும் இரும்புதானே மனெ. அதக் காட்டாதா?"

காக்கா என் மூத்த அண்ணன். சுனாமி அன்று காலை மீன் ஏற்ற லேண்ட்மாஸ்டர் உழவு இயந்திரத்தில் கல்முனைக் கடற்கரைக்குப் போனவர். அவரும் கிடைக்கவில்லை, வண்டியும் கிடைக்கவில்லை. இறந்தவர்களுக்கான கத்தம் ஓதினால் மகன் மௌத்து என்று ஒத்துக்கொண்டதாகிவிடும், அவன் உடலை, ஜனாஸாவைக் காணாமல் ஓத விடமாட்டேன் என்று உம்மா ஒற்றைக்காலில் நின்றார். மகனுக்கு ஒரு கத்தமாவது ஓதாமல் தானும் போய்ச் சேர்ந்துவிடுவோமோ என்று வாப்பாவுக்குப் பயம். வண்டி கிடைத்தால் உம்மா மனம் மாறுவார் என்று நம்பினேன். வேலைப் பொறுப்பாளரிடம் கேட்டுக் கருவியைக் கொண்டுவந்தேன்.

"இரும்பு ஒண்டும் இரிக்கப்படா உம்மா."

"ஓம், ஓம், தெரியும்." முக்காட்டு ஊசியைக் கழற்றி வாப்பாவிடம் கொடுத்தார்.

கடற்கரையில் வீடுகள் இருந்த இடமெல்லாம் வெறும் மணல். உம்மா என் பின்னால் ஒட்டிக்கொண்டே வந்தார். சற்றுத் தூரத்திலேயே எண்கள் துள்ளின. வாப்பா மண்வெட்டி எடுக்க ஓடினார். உறுதிசெய்ய அதே இடத்தில் மறுபடி நடந்தேன். உம்மா தள்ளி நின்றபோது எண்கள் அடங்கின, கிட்ட வந்ததும் துள்ளின. எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

"என்னத்த உம்மா வெச்சிரிக்கிறீங்க?"

முந்தானை முடிச்சை இறுக்கிப் பிடித்தார். உள்ளே காக்காவின் தகரப் பெட்டிச் சாவிக்கொத்து. வாப்பா கை நீட்டினார். உம்மா வெகுநேரம் யோசித்துத்தான் அவிழ்த்துக் கொடுத்தார். வாப்பா அதைத் தூரத்துத் தென்னையடியில் கொண்டுபோய் வைத்தார்.

வெயில் உச்சிக்கு ஏறும்வரை நடந்தேன். ஓரிடத்தில் மட்டும் எண்கள் லேசாக ஏறின. தோண்டினோம், யாரோ வீட்டுக் கிணற்று வாளி. வேறெதுவும் இல்லை.

"என்னவாம் மனெ?"

"ஒண்டுமில்ல உம்மா. காக்காட வண்டி இங்க இல்ல."

வாப்பா தலையில் கைவைத்து மணலில் உட்கார்ந்துவிட்டார். உம்மாவின் முகம் மட்டும் தெளிந்தது.

"அப்ப சாவியத் தாங்க" என்றார் வாப்பாவிடம். "அவன் வந்தா பெட்டியத் தொறக்கக் கேப்பான்."