சுடலைக்கு விழுந்த சீட்டு

இதைக் கதை என்று நினைத்துப் படிக்க வேண்டாம். நடந்தது. 1974, ஆடி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. என் கையில் கடிகாரம் இருந்தது, அதனால் நேரத்தைக்கூடச் சொல்வேன். நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். ராஜா மந்திரி விளையாட்டைப் பற்றி யாராவது ஆசையாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் குமட்டுகிறது. ஏன் என்று என் பிள்ளைகள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். அவர்களுக்காக எழுதுகிறேன்.

சின்னக்கானலுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் பேர் வேண்டாம். எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது, ஃபாக்டரியில் இலை அரைக்கிற மெஷினில் வேலை. அந்த மாதம் மெஷினின் தண்டு முறிந்துவிட்டது. கோயமுத்தூரிலிருந்து புதுத் தண்டு வர இரண்டு வாரம் ஆகும் என்றார்கள். பெண்கள் வழக்கம்போல மழையில் கொழுந்து எடுக்கப் போனார்கள். கொழுந்தை லாரியில் ஏற்றிப் பக்கத்துத் தோட்டத்துக்கு அனுப்பினார்கள். ஃபாக்டரி ஆண்களுக்கு மட்டும் வேலை இல்லை. வேலையில்லாத ஆண்களையும் அடைமழையையும் ஒரே லயத்து வரிசை வீடுகளில் அடைத்து வைத்தால் என்ன உருப்படும்?

என்னோடு மெஷினில் நின்ற கருத்தப்பாண்டிதான் ஆரம்பித்து வைத்தான். எல்லோரும் சின்ன வயதில் ஆடியதுதான். நாலு துண்டுத்தாள். ராஜா, மந்திரி, போலீஸ், திருடன். குலுக்கிப் போட்டு ஆளுக்கொன்று எடுக்க வேண்டும். பிள்ளைகள் அதை உட்கார்ந்த இடத்தில் ஆடுவார்கள். நாங்கள் மலை முழுக்க விரித்து ஆடினோம். மேலே துரை பங்களா வேலி, கீழே ஆறு, நடுவில் இருக்கிற தேயிலைக் காடு அத்தனையும் எங்கள் களம்.

ஃபாக்டரி ஓடாவிட்டாலும் அதன் சங்கு மட்டும் நேரம் தவறாமல் ஊதும். பன்னிரண்டு மணிச் சங்குக்குச் சீட்டு எடுப்போம். ஐந்து மணிச் சங்கு வரைக்கும் அவனவனுக்கு அவனவன் வேஷம். திருடன் எங்கே வேண்டுமானாலும் ஒளியலாம். போலீஸிடம் பிடிபட்டால் கவாத்து வெட்டிப் போட்ட தேயிலைக் குச்சியால் ஆறு அடி. ராஜா என்ன சொன்னாலும் மற்ற மூன்று பேரும் செய்தாக வேண்டும். ராஜாவின் சொல் மறுநாள் விடியும் வரை செல்லும்.

முதல் நாள் நன்றாகத்தான் இருந்தது. அதில் பொய் சொல்ல மாட்டேன். பத்து வருஷமாக மிதித்த அதே காடு, அன்று புது ஊராகத் தெரிந்தது. எந்தப் பாதையில் வேண்டுமானாலும் போகலாம், எந்தப் பாறைக்குப் பின்னாலும் யாராவது இருக்கலாம். திருடன் சீட்டு விழுந்து, நான் ஒரு மரத்தின் மேல் மூன்று மணி நேரம் சந்தோஷமாக உட்கார்ந்திருந்தேன்.

மூன்றாம் நாளே அழுகத் தொடங்கியது. பாண்டிக்கு ராஜா விழுந்தது. எங்களில் நாலாவது ஆள் சுடலை, ஃபாக்டரியைக் கூட்டிப் பெருக்குகிறவன், இருபது வயது. ஓர் அட்டையைப் பிடித்து நாக்கில் விட்டுக்கொள்ளச் சொன்னான் பாண்டி. சுடலை விட்டுக்கொண்டான். அது ரத்தம் குடித்துப் பெருத்து, தானாக உருண்டு விழும் வரை வாயைத் திறந்தபடி நின்றான். எச்சில் சிவப்பாக ஒழுகியது. பாய்லருக்கு விறகு போடுகிற ஏசுதாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். நானும் சிரித்தேன். ஒரு தாள் துண்டில் ராஜா என்று எழுதிக் கொடுத்தால் மனிதன் இப்படித்தான் ஆவான்.

அன்று சாயங்காலம் எல்லோர் முன்னாலும் சுடலையிடம் கேட்டேன். உனக்கு ராஜா விழுந்தால் என்ன செய்யச் சொல்வாய்? பாண்டியை நாலு அறை விடச் சொல்வான் என்றுதான் எதிர்பார்த்தேன்.

"மூணு பேரும் எங்க வீட்ல வந்து சாப்பிடணும் சந்தனம் அண்ணே" என்றான்.

அவன் அம்மா சுருளியம்மாள் லயத்துக் கக்கூஸ் அள்ளுகிறவள். வாளியில் அள்ளி, தலையில் வைத்துக் கொண்டுபோய்க் கொட்டுவாள். அந்த வீட்டில் அதுவரை யாரும் ஒரு மிடறு தண்ணீர் குடித்ததில்லை. அந்தக் கை சோறு பிசைவதை நினைத்ததும் எனக்கு வயிற்றைப் புரட்டியது. இப்போதும் புரட்டுகிறது, ஆனால் அவளை நினைத்து அல்ல.

ஒன்று சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் நாலு பேரில் எழுத்துத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சீட்டு எழுதுவதும் நான், அவரவர் எடுத்ததைப் படித்துச் சொல்வதும் நான்.

ஆறாம் நாள், அந்தச் செவ்வாய்க்கிழமை. மணி 12.05. ஏசுதாஸுக்குப் போலீஸ் விழுந்தது. பாண்டிக்கு மந்திரி. சுடலை தன் சீட்டைப் பிரித்து என்னிடம் நீட்டினான்.

ராஜா.

என் சீட்டைப் பார்த்தேன். திருடன்.

சுடலை என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அந்த வாளி ஞாபகம் வந்தது. அந்த வீட்டுச் சோறு ஞாபகம் வந்தது. "திருடன்" என்று படித்தேன். என்னுடையதை ராஜா என்று படித்தேன். யாருக்குத் தெரியப் போகிறது?

அவன் முகம் கொஞ்சம் தொங்கியது, அவ்வளவுதான். சீட்டை மடித்து இடுப்பில் செருகினான். மழைக்குப் போடுகிற சாக்குக் கொங்காடியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஓடினான். மணி 12.10.

நாங்கள் மூவரும் உரக்கொட்டகையில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்தோம். போலீஸுக்கு அவசரமே இல்லை. மழையில் கிடக்கட்டும், நாலரைக்குப் போய்ப் பிடித்தால் போதும் என்றான் ஏசுதாஸ். இரண்டு மணிக்கு மூடுபனி இறங்கியது. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

2.45க்குச் சுருளியம்மாள் வந்தாள். கொட்டகைக்குள் வரவில்லை, மழையிலேயே நின்றாள்.

"ஆத்துல தண்ணி ஏறுது தம்பி. அவனுக்கு நீச்சல் தெரியாது. எங்க இருக்கான்னு பாத்துக் கூட்டிட்டு வந்துருங்க."

அவள் போன பிறகுதான் மூன்று பேருக்கும் உறைத்தது. விளையாட்டை நிறுத்தி, ஆளுக்கொரு பக்கம் தேடப் புறப்பட்டோம். பாண்டி மேலே பங்களா வேலிப் பக்கம், ஏசுதாஸ் கீழே ஆற்றங்கரை. நான் நடுவில் மூன்றாம் நம்பர் காடு. மணி மூன்று.

தேயிலைச் செடிகளுக்கு நடுவே அவன் பேரைக் கூப்பிட்டுக்கொண்டே நடந்தேன். முழங்காலுக்குக் கீழே முழுக்க அட்டை. சுண்ணாம்பு தடவியிருந்தும் ஏறியது. விரலிடுக்கில் ரத்தம் பிசுபிசுத்தது. பிய்த்துப் பிய்த்து எறிந்தேன். அழுகின இலை நாற்றம் வேறு.

3.25 இருக்கும். பின்னால் சத்தம் கேட்டது.

சளக்... சளக்... சளக்...

சேற்றில் வெறுங்கால் வைக்கிற சத்தம். நின்றேன். அதுவும் நின்றது. நடந்தேன். அதுவும் நடந்தது. திரும்பிப் பார்த்தால் வெறும் வெள்ளை. ஏசுதாஸாக இருக்கும், பயம் காட்டுகிறான் என்று ஒரு கெட்ட வார்த்தை சொன்னேன். பதில் இல்லை.

இன்னும் கொஞ்ச தூரம் போனேன். முன்னால், வடிகால் குழியின் ஓரத்தில், முதுகைக் காட்டிக்கொண்டு ஒருவன் உட்கார்ந்திருந்தான். சாக்குக் கொங்காடி. சுடலைதான்.

நிம்மதியாக இருந்தது. எழுந்து வாடா, அம்மா தேடுகிறாள் என்றேன். அவன் எழுந்து திரும்பினான். கொங்காடி நிழலில் முகம் சரியாகத் தெரியவில்லை.

அவன் காலைப் பார்த்தேன். ஒரு அட்டைகூட இல்லை. மூன்று மணி நேரம் அந்தக் காட்டில் கிடந்தவன் காலில் ஒன்றுகூட இல்லை.

அவன் ஓரடி முன்னால் வந்தான்.

என் காலில் இருந்த அட்டைகள் உதிர்ந்தன. ஒன்று... இரண்டு... பிறகு மொத்தமாக. சேற்றில் விழுந்து, அவனுக்கு எதிர்ப்பக்கமாக நெளிந்து போயின.

மழை பெய்துகொண்டுதான் இருந்தது. சாக்கில் விழுந்த மழைக்குச் சத்தம் இல்லை.

அவன் இடுப்பிலிருந்து சீட்டை எடுத்தான். பிரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினான்.

தாள் நனையவே இல்லை.

"இன்னொரு தடவை படிங்கண்ணே."

தூரத்தில், மலைப்பாதையில் பஸ் ஹாரன் அடித்தது. தினமும் 3.40க்குப் போகிற பஸ். கடிகாரத்தைப் பார்த்தேன். 3.40தான்.

என் கையெழுத்து தெளிவாகத் தெரிந்தது.

ராஜா.

சொல்லியிருக்கலாம். ஒரே வார்த்தைதான். ஆனால் முதலில் பொய் படித்தேன் என்று அவனிடம் ஒத்துக்கொள்ள வேண்டும்... அந்த வீட்டில் போய் உட்கார வேண்டும்...

"திருடன்" என்றேன்.

அவன் தாளைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தான்.

"சரிண்ணே."

சீட்டை மடித்துச் செருகினான். பனிக்குள் நடந்தான். காது கொடுத்துக் கேட்டேன்...

காலடிச் சத்தம் இல்லை.

ஓடினேன். எப்படி ஓடினேன், எத்தனை தடவை விழுந்தேன், தெரியாது. 4.15க்கு என் வீட்டுக்குள் இருந்தேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். ஐந்து மணிச் சங்கு ஊதியது. சுடலை பிழைத்துத்தானே இருக்கிறான், பேசினானே, வீட்டுக்குப் போயிருப்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பாண்டியையும் ஏசுதாஸையும் தேடிப் போகவில்லை. அட்டை கடித்த இடங்களைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். ரத்தம் எப்போதோ நின்றிருந்தது. அட்டைக்கடி அவ்வளவு சீக்கிரம் நிற்காது, மலையில் இருப்பவர்களுக்குத் தெரியும்.

மறுநாள் காலை 6.30க்குக் கொழுந்தெடுக்கப் போன பெண்கள் கூச்சல் போட்டார்கள். மூன்றாம் நம்பர் காட்டில், அதே வடிகால் குழியில், சுடலை கவிழ்ந்து கிடந்தான். ஓடும்போது வழுக்கி, பாறையில் தலை மோதியிருக்கிறது. தோட்டத்து டாக்டர் வந்து பார்த்தார். முந்தின நாள் மதியம் ஒரு மணிக்குள் உயிர் போயிருக்கிறது என்றார்.

ஒரு மணிக்குள். நான் அவனிடம் பேசியது 3.40க்கு.

அதை யாரிடமும் சொல்லவில்லை. சுடலை செத்த எட்டாம் நாள் பாண்டி என் வீட்டுக்கு வந்தான். ஆள் பாதியாகியிருந்தான். அவனே பேசினான். அன்று பங்களா வேலிப் பக்கம் பஸ் ஹாரன் கேட்டபோது சுடலை அவன் எதிரே நின்றிருக்கிறான். சீட்டைப் படிக்கச் சொல்லியிருக்கிறான். ஏசுதாஸிடமும் அப்படித்தான், ஆற்றங்கரையில், அதே ஹாரன் கேட்ட நேரத்தில். மூன்று இடமும் ஒன்றுக்கொன்று அரை மைல் தூரம்.

"எனக்கு எழுத்தா தெரியும்? பயத்துல வாய்க்கு வந்ததச் சொன்னேன். ராஜான்னு. ஏசுதாசும் அதத்தான் சொல்லியிருக்கான்."

அப்படியென்றால் வீட்டுக்குச் சாப்பிட வரச் சொல்லியிருக்கிறான் சுடலை. ராஜாவின் சொல்லைத் தட்டக் கூடாது. இரண்டு பேரும் அன்று இரவு சுடலை வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டிருக்கிறார்கள். சுடலை சாக்கைக் கழற்றாமல் சுவரோரமாக உட்கார்ந்திருந்தானாம். நனைந்த சாக்கு. தரையில் ஒரு சொட்டு ஈரம் இல்லையாம். சோற்றை அவசரமாக வாயில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடி வந்துவிட்டார்கள்.

எனக்கு அதைக் கேட்டும் அழுகை வரவில்லை. அருவருப்புதான் வந்தது, என் மேல். எழுத்துத் தெரியாத இரண்டு பேர் சரியாகப் படித்திருக்கிறார்கள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், சுருளியம்மாள் என் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரச் சொன்னேன். வரவில்லை. அவள் என்னைத் திட்ட வரவில்லை. ஒரு சந்தேகம் கேட்க வந்திருந்தாள்.

"டாக்டர் சொல்றது பொய் தம்பி. அன்னைக்கு ஆறு மணிக்கு வீட்டுக்கு வந்தான். ராஜா விழுந்துருச்சு ஆத்தா, மூணு பேரும் வருவாக, சோறாக்குன்னான். ரெண்டு பேரு வந்தாக. உங்களுக்கு ஒரு தட்டப் போட்டு வச்சிக்கிட்டு விடிய விடிய உக்காந்திருந்தான். நீங்க வந்தாத்தான் சாப்பிடுவேன்னு ஒரு வாய் தொடல. நீங்க ஏன் தம்பி வரல?"

பிறகு, அவன் கடைசியாகப் பேசியதைச் சொன்னாள்.

"விடியக்காலம் அஞ்சு மணிக்கு எந்திரிச்சான். அவுக ரெண்டு பேரும் தப்பாப் படிச்சிட்டாக ஆத்தா, சந்தனம் அண்ணனுக்குத்தான் எழுத்து தெரியும்னு சொல்லிட்டு, வெளிய எறங்கிப் போனான்."