மருந்து இருக்கும் வீட்டில் அடுப்பெரியாது

தகரப் பேணியின் மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற மெல்லிய கந்தக வாடைதான், பழுகாமத்தில் நாங்கள் இருந்த வீட்டை நினைத்தால் எனக்கு முதலில் வருவது. பன்றி சுடுகிற துவக்குக்கான வெடிமருந்து அது. எங்கள் வீட்டில் வெறும் "மருந்து" என்போம். வயல் வட்டையில் கதிர் தள்ளும் பருவத்தில் பன்றிகள் இறங்கும். அப்பா லைசன்ஸ் துவக்கோடு காவலுக்குப் போவார். புதுத் தோட்டாவுக்கு வழியில்லாததால் வெடித்த வெறும் கோதுகளைப் பொறுக்கி வந்து, வீட்டு விறாந்தையில் வைத்துத் தானே மறுபடி மருந்து கட்டுவார். மாரி ஈரம் பட்டால் மருந்து கெட்டுவிடும் என்று அந்தப் பேணியைக் கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தார். அதே அறையில்தான் பிள்ளைகள் நாங்கள் நாலு பேரும் படுப்போம்.

ஒருநாள் பின்னேரம் அம்மா புட்டு அவித்துக்கொண்டிருந்தபோது, மூன்று வயதுத் தங்கச்சி அந்தப் பேணியை உருட்டிக்கொண்டு வந்து, அடுப்படியில் நிமிர்த்தி வைத்து, அதன்மேல் உட்கார்ந்தாள். அம்மா கத்தவில்லை. பிள்ளையைத் தூக்கி என்னிடம் தந்தாள். பேணியை முற்றத்துக்குக் கொண்டுபோய் வைத்தாள். திரும்பி வந்து குடத்துத் தண்ணீரை அடுப்பில் ஊற்றினாள். அரை வேக்காட்டுப் புட்டு அப்படியே கிடந்தது.

அப்பா வந்து, பேணியை எடுத்துத் துடைத்து மீண்டும் கட்டிலுக்குக் கீழே வைத்தார். அம்மா பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாள்:

"மருந்து உள்ளுக்கு இரிக்கிற மட்டும் இந்த வீட்டுல நெருப்பு இல்ல. அடுப்பும் இல்ல, விளக்கும் இல்ல. எது வேணுமெண்டு நீங்களே சொல்லுங்க."

ஒரு நேரத்துக் கோபம் என்று அப்பா நினைத்திருப்பார். மூன்று நாள் எங்கள் வீட்டில் புகை எழவில்லை. எங்களுக்கு ஊறவைத்த அவலும் தேங்காய்ப்பூவும் வாழைப்பழமும் கிடைத்தன. அப்பாவுக்கும் ஒரு கோப்பையில் வைத்தாள், அவர்தான் தள்ளிவிட்டார். இருட்டுமுன் பாய் விரித்துப் படுத்தோம். வேலிக்கு அப்பால் நின்று அக்கம்பக்கத்துப் பெண்கள் கேட்டதற்கெல்லாம் அம்மா ஒளிக்காமல் காரணம் சொன்னாள்.

இரண்டாம் நாள் பெரியப்பா நியாயம் பேச வந்தார். மருந்தை வெளியே வைத்தால் நனையும், களவு போகும், துவக்கு வெடிக்காவிட்டால் வெள்ளாமை முழுதும் பன்றிக்குத்தான் என்றார். அவர் சொன்னதிலும் உண்மை இருந்தது. அந்த நெல்தான் எங்கள் ஒரு வருடச் சோறு.

"வெள்ளாமை போனா அடுத்த போகம் விதைக்கலாம் அத்தான்," என்றாள் அம்மா. "புள்ளையள எங்க போய் விதைக்கிற?"

வீட்டுத் தலைவன் சொல்லுக்கு மதிப்பில்லையா என்று அவர் கேட்டார். இது தன் சீதன வீடு என்று அம்மா அமைதியாக நினைவூட்டினாள். பெரியப்பா தண்ணீர்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

மூன்றாம் நாள் காலை அம்மா அலவாங்கை எடுத்துக்கொண்டு கிணற்றுக்கும் அப்பால், வளவின் கடைசி மூலைக்குப் போய்க் குழி தோண்டத் தொடங்கினாள். இரண்டு குழி தோண்டும்வரை அப்பா விறாந்தையில் இருந்தார். பிறகு எழுந்து போய், அவள் கையிலிருந்து அலவாங்கை வாங்கினார். நாலு கால், இடுப்பளவு உயரம், மேலே பலகைப் பெட்டி, அதற்கும் மேல் மழை புகாத கிடுகுக் கூரை, ஒரு பூட்டு. மருந்து அது வந்த பேணியிலேயே அதற்குள் போனது. தோட்டாவின் அடியில் வைக்கும் கேப்புகள் வேறொரு பெட்டியில் வேறாக இருந்தன. சாவி அம்மாவின் இடுப்பில். சுருட்டோடு யாரும் அந்தப் பக்கம் போகக்கூடாது, பெரியப்பாவும்தான். தோட்டா கட்டுவதும் அங்கேயே, பகல் வெளிச்சத்தில். அந்த மாரியில் மருந்து நனையவில்லை. அந்த மூன்றாம் நாள் இரவே அம்மா சோறும் மீன் குழம்பும் ஆக்கினாள்; அப்பா மூன்று தரம் போட்டுச் சாப்பிட்டார்.

நாட்டில் பிரச்சினை தொடங்கியபோது துவக்கை ஒப்படைக்கச் சொன்னார்கள், கொடுத்துவிட்டோம். பெட்டியைக் கறையான் தின்றது. அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த வளவில் இப்போது தம்பியின் கல்வீடு நிற்கிறது. போன மாதம் களுதாவளையில் ஒரு கல்யாணப் பந்தலில், பெரியப்பாவின் மகன் இந்தக் கதையை, புருஷனை மூன்று நாள் பட்டினி போட்ட பிடிவாதக்காரியின் கதையாகச் சொல்லிச் சிரித்தார். நான் எழுந்து, எல்லார் முன்னாலும் முழுவதையும் சொன்னேன். பந்தலில் ஒருவரும் சிரிக்கவில்லை. பிடிவாதம் என்றே இருக்கட்டும். அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் படுத்த நாலு பேரும், கை கால் கண் குறையாமல், இன்றைக்கும் உயிரோடிருக்கிறோம்.