யாரும் தொடாத சுவிட்ச்

உலகத்தில் எங்கே ஒரு விமானம் விழுந்தாலும் விமானிகளான எங்கள் கூட்டம் அதை எடுத்துவைத்துச் சாப்பாட்டு மேசையில் மறுபடி ஒருமுறை ஓட்டும். டம்ளர் மலை, கரண்டி ஓடுதளம். மேகம் எங்கே இருந்தது, எரிபொருள் எவ்வளவு மிச்சம், கேப்டன் எந்த இடத்தில் கோட்டைவிட்டான் என்றெல்லாம் அலசிவிட்டு, கடைசியில் யாராவது ஒருவர் "நானா இருந்தா" என்று ஆரம்பிப்பார். செத்தவன் தப்புச் செய்தான் என்று தீர்ப்பு எழுதிவிட்டால் நாளைக்கு நாம் தைரியமாக ஏறலாம். சங்கதி இவ்வளவுதான். விமானிகள் அஞ்சாநெஞ்சர்கள் என்று நினைப்பவர்கள் ஒருமுறை அந்த மேசைக்கு வந்து பார்க்க வேண்டும்.

இந்த முறை காணாமல்போன விமானத்தை ஓட்டியவன் எங்களில் ஒருவன். எங்கள் ஊரிலேயே காக்ஸ் டவுன்காரன். என் பக்கத்து இருக்கையில் உதவி விமானியாகப் பல வருடம் பறந்தவன், பிறகு கேப்டனாகி வெளிநாட்டு நிறுவனம் ஒன்றில் ஒப்பந்தத்தில் சேர்ந்தான். கடலுக்கு மேலே போய்க்கொண்டிருந்த விமானம் ரேடாரிலிருந்து மறைந்தது. விமானி அறையிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லை. பீக்கனும் ஒலிக்கவில்லை.

பீக்கன் என்பது விமானத்தின் வால் பக்கம் இருக்கும் ஒரு பெட்டி. விமானம் எதிலாவது மோதினால் தானாகவே செயற்கைக்கோளுக்கு அபாயச் செய்தி அனுப்பும். தண்ணீருக்குள் போய்விட்டால் அதன் குரல் வெளியே வராது. அதைக் கையால் போடவும் விமானி அறையில் ஒரு சுவிட்ச் உண்டு, மேலே மூடி போட்டிருக்கும். தொலைக்காட்சிக்காரர்களுக்கு அந்த சுவிட்ச் அல்வாத் துண்டு மாதிரி கிடைத்தது. ஏன் போடவில்லை, வேண்டுமென்றே போடவில்லையா, வீட்டில் ஏதாவது பிரச்சினையா என்று ஒரு வாரம் மென்றார்கள். முகத்தை நிழலில் மறைத்துக்கொண்டு "மூத்த விமானி" ஒருவரும் வந்து, பயிற்சி பெற்ற எவனும் அதைப் போட்டிருப்பான் என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவன் மனைவி எனக்குப் போன் செய்தாள். கல்யாணமான நாளிலிருந்து என்னை அண்ணா என்றுதான் கூப்பிடுவாள். சர்ச்சில் ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் காணாமல்போன பயணிகளுக்காக மன்றாடினார்களாம். அவன் பேரை மட்டும் சொல்லவில்லை. அவள் உட்கார்ந்த பெஞ்சில் பக்கத்தில் யாரும் வந்து உட்காரவும் இல்லை.

"அவர் மேல பழி இல்லைன்னு உங்க ஆளுங்க வாயால ஒரு தடவை சொல்லச் சொல்லுங்கண்ணா. எனக்கு வேற ஒண்ணும் வேணாம்" என்றாள்.

தொம்மலூரில் என் வீட்டுக்கு மூன்று பேரை வரச் சொன்னேன். மூவரும் அவனோடு பறந்தவர்கள், இன்னும் பறந்துகொண்டிருக்கிற கேப்டன்கள். அவர்களில் ஒருவன் மற்ற விமானிகளுக்குத் தேர்வு வைக்கும் அதிகாரி. அவள் வருவாள் என்று சொல்லித்தான் கூப்பிட்டேன். அவள் வந்து சேர்வதற்குள்ளேயே கரண்டிகளை எடுத்துவிட்டார்கள். என் மேசைமேல் என் சிநேகிதன் மறுபடி கடலில் விழுந்துகொண்டிருந்தான்.

கையெட்டும் தூரத்தில் இருக்கிற சுவிட்சைப் போடாதவனை என்னவென்று சொல்வது என்று தேர்வதிகாரி கேட்டான். இன்னொருவன், பதற்றத்தில் கை ஓடியிருக்காது என்று சமாதானம் சொன்னான். மூன்றாமவன் அப்படியானால் உதவி விமானி என்ன செய்துகொண்டிருந்தான் என்று பழியைப் பக்கத்து இருக்கைக்குத் தள்ளினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. உங்கள் வாழ்நாளில் அந்த சுவிட்சை ஒரு தடவையாவது தொட்டிருக்கிறீர்களா என்று கேட்டேன்.

யாரும் தொட்டதில்லை, நானும்தான். ஆகாயத்தில் தெரியாத்தனமாகக் கை பட்டால்கூடப் பொய் அபாயம் போய், தரையிறங்கியதும் விளக்கம் கேட்பார்கள். நாங்கள் ஆறு மாதத்துக்கு ஒருமுறை தேர்வுக்கு உட்காரும் சிமுலேட்டர் என்ற போலி விமானி அறையில் அந்த சுவிட்ச் வெறும் பொம்மை, கம்பி கிடையாது. எஞ்சின் எரிந்தாலும் இறக்கை நடுங்கினாலும் முதலில் ஓட்டு, அப்புறம் வழி பார், கடைசியில் பேசு என்பதுதான் எங்களுக்கு ஓதப்பட்ட பாடம். பீக்கன் அந்தக் கடைசிக்கும் பின்னால் வருவது. தேர்வின்போது அதன் பக்கம் கையைக் கொண்டுபோன ஒருவனை, விமானத்தை ஓட்டுகிற வழியைப் பார் என்று இதே தேர்வதிகாரிதான் காய்ச்சியிருக்கிறான். அந்தக் கதையை அவனே சிரித்துக்கொண்டு எங்களுக்குச் சொல்லியிருக்கிறான். தொடாதே என்று எல்லோருமாகச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தொடாததற்கு ஒருவனைத் தூக்கில் போடுகிறோம்.

இதையெல்லாம் நான் கத்திக்கொண்டிருந்தபோது அவள் வாசலில் வந்து நின்றிருந்தாள். முழுக்கக் கேட்டிருக்கிறாள். உள்ளே வந்து உட்கார்ந்து, இப்போது பேசினதை அப்படியே வெளியில் சொன்னால் போதும் என்றாள். ஒருவனைக் கம்பெனி விதி தடுத்தது. இன்னொருவனுக்கு ஒப்பந்தம் புதுப்பிக்கும் நேரம். இந்தப் பரபரப்பு அடங்கட்டும், பார்த்துக்கலாம் என்று தேர்வதிகாரி ரொம்ப மரியாதையாகச் சொன்னான். பத்திரிகையோடு பேசுவது தனக்குப் பழக்கமே இல்லை என்றும் சேர்த்துக்கொண்டான்.

அவள் அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"டிவில முகத்தை மறைச்சுக்கிட்டுப் பேசினது நீங்கதானே? எங்க வீட்டுல எத்தனை தடவை சாப்பிட்டிருக்கீங்க. குரல் தெரியாதா எனக்கு?"

அவன் மேசையிலிருந்த கரண்டியை எடுத்து ஒழுங்காகத் தட்டில் வைத்தான். மற்ற இருவரில் ஒருவன், "விடு குரு, கிளம்பலாம்" என்று கன்னடக்காரர்கள் சிநேகிதனைக் கூப்பிடுகிற மாதிரிச் சொல்லி, அவன் தோளைத் தட்டிக் கூட்டிக்கொண்டு போனான். மூவரும் ஒரே காரில் போனார்கள்.

நான் மருத்துவச் சோதனையில் தேறாமல் வீட்டுக்கு வந்தவன். எந்தக் கம்பெனியும் என் வாயைக் கட்ட முடியாது. நானே பேசுகிறேன் என்று அவளிடம் சொன்னேன். அவள் அழுதாள். பிறகு முகம் கழுவிக்கொண்டு காபி குடித்துவிட்டுப் போனாள்.

நான் போன் செய்ததும் மறுநாளே ஒரு சேனலிலிருந்து ஆட்கள் வந்தார்கள். கேள்வி கேட்ட பெண் அடக்கமாக, அக்கறையாகத்தான் கேட்டாள். சிமுலேட்டர் பொம்மை, விளக்கம் கேட்பது, முதலில் ஓட்டு என்ற பாடம், தண்ணீருக்குள் போனால் பீக்கனின் குரல் வராது என்பது எல்லாவற்றையும் சொன்னேன். நடுவில், அந்த சுவிட்சைப் போட எவ்வளவு நேரமாகும் சார் என்று கேட்டாள். போடுவதற்கு ஒரு விநாடி போதும், ஆனால் அந்த ஒரு விநாடியில் ஒரு கேப்டன் காப்பாற்ற வேண்டியது விமானத்தை, என்றேன். நன்றாகச் சொன்னதாக எனக்கு ஒரு திருப்திகூட இருந்தது.

அன்று சாயங்காலம் அவர்கள் காட்டியது முதல் பாதியை. "போடுவதற்கு ஒரு விநாடி போதும்." என் முகம், என் குரல், கீழே ஓய்வுபெற்ற கேப்டன், பலியானவரின் நெருங்கிய நண்பர் என்று எழுத்து. அதையே திரும்பத் திரும்பப் போட்டார்கள். மீதி எங்கே என்று போன் செய்து கத்தினேன். நேரம் போதவில்லை சார் என்றார்கள். விமானிகளின் செல்போன் குழுவில் தேர்வதிகாரி எனக்கு ஒரு கட்டைவிரலைத் தூக்கி அனுப்பியிருந்தான்.

போனில் பேசத் தைரியமில்லாமல் மறுநாள் காக்ஸ் டவுனுக்கு நேரிலேயே போனேன். அவளே கதவைத் திறந்தாள், உட்காரச் சொன்னாள். வெட்டிவிட்டார்கள், நான் சொன்னது வேறு என்று ஆரம்பித்து, அவள் என் வீட்டில் கேட்ட எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து சொன்னேன். கோபப்படுவாள், திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அவள் ஒவ்வொன்றுக்கும் தலையாட்டினாள். நான் பேசி முடித்த பிறகு, ரொம்ப நேரமாக மனத்துக்குள் வைத்திருந்ததைக் கேட்பவள் மாதிரி மெதுவாகக் கேட்டாள்.

"ஒரு விநாடிதான்னா, அவர் ஏன் அண்ணா போடலை?"