முன் இடது சக்கரம்

அண்ணனுக்கு வாதம் வந்து வலது பக்கம் விழுந்துவிட்ட வருஷம், சிங்கப்பூரில் வேலை பார்த்த எங்கள் அக்கா வீட்டுக்காரர் ஊருக்கு வந்தபோது ஒரு ரேஸ் கார் கொண்டுவந்து கொடுத்தார். ரேடியோ ரிமோட்டில் ஓடுவது, ஒரு முழ நீளம் இருக்கும். டவுன் பஸ் ஓட்டிய மனுஷனுக்குப் பொம்மையா என்று எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. அண்ணன் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். பேச்சும் காலும் தேறிவிட்டன, கை மட்டும்தான் பாக்கி. பொங்கல் கழிந்து டிப்போவில் ஓட்டிக் காட்ட வேண்டும். சரியாக ஓட்டினால் பஸ், இல்லையென்றால் ஆபீசில் ஒரு ஸ்டூல். இந்தக் காரை நேராக ஓட்டிவிட்டால் பஸ்ஸையும் ஓட்டிவிடலாம் என்று அவராகவே ஒரு கணக்குப் போட்டுவிட்டார். கணக்கு வாத்தியாரான எனக்கு அந்தக் கணக்கு பிடிக்கவில்லை.

அப்போது ஆனையூரில் எங்கள் வீட்டைத் தாண்டினால் கல் நட்ட பிளாட்டுகள்தான், நடுவில் செம்மண் ரோடு. அண்ணன் வெளியே வந்து உட்காரவே மார்கழி ஆனது. காலையில் காபி குடித்ததும் அவர் மனைவி, எங்கள் மதினி, நாற்காலியைக் கொண்டுபோய்ப் போடுவார். அண்ணன் ரிமோட்டை மடியில் வைத்து, இடது கைக் குச்சியில் வேகமும் வலது கைக் குச்சியில் திருப்பமும் கொடுப்பார். கார் கொஞ்ச தூரம் ஒழுங்காகப் போகும், பிறகு இடது பக்கம் ஒதுங்கிப் பிளாட் கல்லில் முட்டும். தினமும் இதே கதை.

"வண்டிதான்டா சரியில்ல. என் கை நல்லாத்தான் இருக்கு," என்பார்.

நானும் அப்படித்தான் நம்பினேன். ஐப்பசியில் நான் ஓட்டிக்கொண்டிருந்தபோது முன் இடது சக்கரத்து ஷாக் அப்சர்பர் ஒழுகி எண்ணெய் வற்றிவிட்டது. மதினி தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெயை அதில் ஊற்றினேன். அருமையாக வேலை செய்தது. மார்கழிக் குளிரில் பாட்டிலில் உறைகிற எண்ணெய் ஷாக்குக்குள்ளும் உறையும் என்று இவ்வளவு படித்தும் எனக்குத் தோன்றவில்லை. ஒரு நாள் காலையில் அந்தச் சக்கரத்தை அமுக்கிப் பார்த்தேன், அமுங்கவே இல்லை. கோளாறு வண்டியில்தான் என்று எனக்கு வந்த சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதோடு உட்கார்ந்தேன். இரண்டு பக்கமும் குளிரில் உறையாத விளக்கெண்ணெய் மாற்றினேன். காரைப் பலகையில் வைத்து, முன்பக்கத்தின் நட்ட நடுவில் கத்தி முனையைக் கொடுத்து மெல்லத் தூக்கினால் இரண்டு சக்கரமும் ஒன்றாக எழும்ப வேண்டும், அப்போதுதான் பாரம் சமம். ஒன்று முந்தினால், ஸ்பிரிங்குக்கு மேல் சைக்கிள் டியூபில் வெட்டிய வளையத்தைக் கூட்டியோ குறைத்தோ திரும்பவும் தூக்க வேண்டும். பின்பக்கமும் அப்படியே. சாயங்காலம் நானே ஓட்டிப் பார்த்தேன். கோடு போட்ட மாதிரி ரோட்டின் கடைசி வரை போனது.

மறுநாள் அண்ணன் கையில் கொடுத்தேன். கொஞ்ச தூரம் நேராக, பிறகு இடது பக்கம். முதன்முறையாக நான் காரை விட்டுவிட்டு அவர் கையைப் பார்த்தேன். வலது கை விரல்கள் அவருக்கே தெரியாமல் மெல்ல உள்ளே மடங்கி, குச்சியையும் கூடவே இழுத்துக்கொண்டு போயின. அவர் கண் காரிலேயே இருந்தது. ஸ்பிரிங்குக்கு வளையம் போட்டுவிடலாம், இதற்கு நான் எதைப் போடுவது?

"நேத்து நீ ஓட்டுனப்ப எப்புடிப் போச்சு?" என்று மட்டும் கேட்டார்.

"ஓட்டிப் பாக்கலண்ணே," என்றேன்.

அன்று அவர் சரியாகச் சாப்பிடவில்லை. கையை மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். சாயங்காலம் நான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்து முன் இடது ஷாக்கைக் கழற்றினேன். மதினி தேங்காய் எண்ணெய் பாட்டிலை அடுப்புப் பக்கம் வைத்து இளக்கிக் கொண்டுவந்து, என் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலையில் கார் துள்ளிக்கொண்டே இடது பக்கம் போய்க் கல்லில் முட்டியது. அண்ணன் ரிமோட்டை என்னிடம் நீட்டி, என்னை ஓட்டச் சொன்னார். ஓட்டினேன். எனக்கும் இடது பக்கம்தான் போனது.

"பாத்தியா? உனக்கே அடங்க மாட்டேங்குது," என்று சிரித்தார். அவர் சிரித்து வெகு நாளாகியிருந்தது. பிறகு மதினியைக் கூப்பிட்டு, டிப்போவுக்குப் போட்டுப் போகக் காக்கிச் சட்டையை எடுத்து இஸ்திரிக்குப் போடச் சொன்னார்.

மதினி என்னைப் பார்த்தார். நான் குனிந்து காரின் பேட்டரியைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.